கண்ணில் படுகிற மாதிரி விளம்பரம் போட பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மூன்றாம்பெஞ்சு | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், 'கொடுத்திருக்கும் குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் தயாரிக்கவும்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வருவது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நேற்று அதைப் பயிற்சியாகக் கொடுத்தேன். துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி, 20% முதல் 50% வரை.

முப்பத்தொன்பது நோட்டு வந்தது. முப்பத்தொன்பதிலும் ஒரே விளம்பரம். ஸ்கேல் வைத்து ஒரு கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். மூலையில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் 50%. மேலே 'வாருங்கள் வாருங்கள்', கீழே ஒன்பதில் தொடங்கும் ஒரு செல் நம்பர். நடுவில், குறிப்பில் இருந்த எல்லாமே ஒரே அளவு எழுத்தில். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கைடில் இருந்ததைப் போன வாரம் போர்டில் எழுதிப் போட்டது நான்தான்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இத ரோட்டுல ஒட்டுனா யாராச்சும் நின்னு படிப்பாங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பெயரில் நான் எழுதுவதற்கும் அந்தப் பெஞ்சுதான் காரணம், அது வேறு கதை.

எனக்கு டிசைன் தெரியாது. கையில் இருப்பது வாரத்துக்கு இரண்டு பீரியட், சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா. ஹைடெக் லேப் இருக்கிறது, ஆனால் இதற்கெல்லாம் அதில் நேரம் கிடைக்காது. எங்கிருந்து தொடங்கலாம்?

ஐந்துமார்க் | செவ்வாய், இரவு 9.40

டீச்சர், எண்ணம் நல்லதுதான். ஆனால் நான் பல வருஷமாக விடைத்தாள் திருத்தப் போகிறவன், அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டம் இருக்கிறதா, கடைப் பெயர் இருக்கிறதா, குறிப்பில் கொடுத்தது எதுவும் விட்டுப்போகவில்லையே, சரி, மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கேள்வி. டாவின்சியே வந்து வரைந்தாலும் அதே ஐந்துதான்.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு வரம். குறிப்பை அப்படியே எடுத்து எழுதினாலே தேறிவிடுவார்கள். அங்கே போய் அழகு, டிசைன் என்று குழப்பினால், அழகுக்காக முகவரியை விட்டுவிட்டு வருவான். தேர்வு முடிந்தபின் செய்யுங்கள்.

லித்தோக்காரன் | செவ்வாய், இரவு 10.25

சிவகாசி. முப்பது வருஷமாக ஆஃப்செட் அச்சகத்தில் கிடக்கிறேன். டீச்சர் சொன்ன அந்த முப்பத்தொன்பது நோட்டையும் நான் தினமும் பார்க்கிறேன். பார்ட்டி கொண்டுவருகிற மேட்டர் அப்படியேதான் இருக்கும். "அந்த மூலையில எடம் சும்மாதான கெடக்கு, நம்ம இன்னொரு கிளை பேரையும் போட்டுருங்க அண்ணாச்சி" என்பார்கள். அந்தச் சும்மா கிடக்கிற இடம்தான் பெயரைத் தூக்கிக் காட்டுகிறது என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு தீப்பெட்டிக் கதை சொல்லுங்கள். நம்மூர் இல்லை, பெர்லின். 1906 வாக்கில் பிரீஸ்டர் என்ற தீக்குச்சிக் கம்பெனிக்காக ஒரு போஸ்டர் போட்டி. லூசியன் பெர்ன்ஹார்ட் என்று இருபது வயது தாண்டிய ஓர் இளைஞர் வரைகிறார். முதலில் மேசை, மேசை விரிப்பு, சாம்பல் கிண்ணம், அதில் புகைகிற சுருட்டு, புகைக்குள் ஆடுகிற பெண்கள், பக்கத்தில் தீக்குச்சி என்று எல்லாம் இருந்ததாம். பார்த்த நண்பர், சுருட்டு விளம்பரம் பிரமாதம் என்றாராம். அவ்வளவுதான், பெண்களை அழித்தார், சுருட்டை அழித்தார், மேசையையும் அழித்தார். மிஞ்சியது அரக்குப் பின்னணியில் இரண்டு குச்சி, கம்பெனி பெயர். நடுவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்றும், தாமதமாக வந்த ஒரு லித்தோ (கல்லச்சு) அச்சகக்காரர்தான் அதைப் பொறுக்கி எடுத்து முதல் பரிசு வாங்கிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். எங்கள் இனத்தான் ஒருவன் குப்பையில் கை விட்டிருக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நம் பக்கத்துக் கதையும் தீப்பெட்டிதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். எழுத்துத் தெரியாத பாட்டியும் கேட்டு வாங்கவேண்டிய சரக்கு. அதனால்தான் இரண்டு விரல் அகல லேபிளில் ஒரு பறவை, ஒரு மிருகம், ஒரு சாவி என்று ஒற்றை உருவமாகப் போட்டார்கள். "அந்தக் கிளி போட்ட பெட்டி குடுப்பா" என்றால் வியாபாரம் முடிந்தது. பழைய லேபிள் நாலைந்து கிடைத்தால் வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.

ஒரு யோசனை: இரண்டே நிறம் கொடுங்கள். சார்ட்டின் நிறம் மூன்றாவது. எங்களிடம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட், அதனால் நாங்கள் காசுக்குப் பயந்து குறைப்போம். பன்னிரண்டு ஸ்கெட்ச் பேனா டப்பாவைக் கையில் கொடுத்தால், பன்னிரண்டையும் தொட்டால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும்.

நூல்கோடு | புதன், காலை 6.50

முன்னாள் போர்டு ஓவியன். இப்போது ஃபிளெக்ஸ் கடை, வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சுவரில் பிரஷ் வைப்பதற்கு முன்னால் என் குரு என்னை ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொல்வார். "எழுதுறது இங்க, படிக்கிறது அங்க" என்பார். உங்கள் பிள்ளைகள் நோட்டை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எழுதுகிறார்கள். ஒரு சாணில் எல்லா எழுத்தும் தெரியும், அதனால் எல்லாம் ஒரே அளவு. முதல் பீரியடில் நோட்டை வாங்கி வைத்துவிட்டு, சார்ட்டைச் சுவரில் ஒட்டி, பின் சுவர் வரைக்கும் நடக்க விடுங்கள்.

எங்கள் கைக்கணக்கு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. நாற்பதடி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து படிக்க நாலு அங்குலம். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், 'ணை' மாதிரி எழுத்தில் சுழி அடைத்துப்போகும். தூரத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பால்' போய் 'பால' ஆகிவிடும். நாங்கள் எழுத்துக் கோட்டின் தடிமனைவிடப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வைப்போம். இரண்டு வரிக்கு நடுவிலும் தாராளமாக விடச் சொல்லுங்கள். மேல்வரி 'கு'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொக்கியும் இடித்துக்கொண்டால் இரண்டு வரியும் போச்சு. ஆங்கிலப் போஸ்டரைப் பார்த்து அப்படியே தமிழில் போடுகிறவர்கள் விழுகிற இடம் இது.

நிறத்துக்கு ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். மஞ்சளில் கறுப்பு. ஓடுகிற ரயிலிலிருந்து தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தாலும் தெரியும். பிள்ளைகள் சிவப்பு மேல் பச்சையில் எழுதுவார்கள், கண்ணைப் பறிக்கும் என்று நினைத்து. அது கண்ணைக் கூசவைக்கும், படிக்க விடாது. சிலர் கண்ணுக்கு அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம், உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பையன் இருக்கலாம். சந்தேகம் வந்தால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எது மிஞ்சித் தெரிகிறதோ அதைத்தான் ரோட்டில் போகிறவன் பார்ப்பான்.

போஸ்டர்மதுரை | புதன், காலை 8.15

மதுரைக்காரனை விட்டுவிட்டுப் போஸ்டர் பேச்சா? காது குத்துக்கும் சுவரில் ஒட்டுகிற ஊர் எங்கள் ஊர். பாடத்துக்கு நல்லதும் கெட்டதும் ஒரே சுவரில் கிடைக்கும்.

கெட்டது, காதணி விழாப் போஸ்டர். தாய்மாமன், பெரிய தாய்மாமன், நண்பர்கள் என்று தலை தலையாக இருக்கும், ஒவ்வொரு தலைக்கும் ஒரு பட்டம். காது குத்தப்போகிற குழந்தையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நல்லது, கண்ணீர் அஞ்சலி. கறுப்பு வெள்ளை, ஒரே முகம், மேலே இரண்டு வார்த்தை, கீழே பெயர். ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு "அடடா, இவரா!" என்று விடுவார்கள். துக்கத்தில் இருக்கிறவனுக்கு அலங்காரம் செய்ய மனசு வராது, அதனால் டிசைன் தானாகவே நல்லதாகிவிடுகிறது என்பது என் கட்சி.

லித்தோக்காரன் | புதன், காலை 9.05

அது பழைய அஞ்சலி, தம்பி. இப்போது கீழே 'இப்படிக்கு' என்று முப்பது பேர், அதில் எட்டுப் பேர் கூலிங் கிளாஸோடு.

பனங்கூடல் | புதன், பிற்பகல் 1.30

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். எங்கட பக்கம் மதில் முழுக்க ரியூசன் போஸ்டர்தான். உயர்தரம் (உங்கட பிளஸ் டூ மாதிரி), பாடம், ஆசிரியரின் படம், பரீட்சை ஆண்டு. நானும் ஒருமுறை என் வகுப்புக்கு நோட்டீஸ் அடித்தேன். என் பெயர் இவ்வளவு பெரிது, பட்டங்கள் அதற்குக் கீழே, ஆண்டு ஒரு மூலையில் சின்னதாக. ஒரு பிள்ளை பார்த்துவிட்டுச் சொல்லிச்சுது: "சேர், நாங்கள் முதல்ல தேடுறது ஆண்டைத்தான். எங்கட ஆண்டு எண்டால்தான் மிச்சத்தை வாசிப்பம். இல்லையெண்டால் அது அண்ணான்ர போஸ்டர்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் வகுப்பில் கேட்கிற முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். கடைக்காரர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்பதில்லை. வீதியால் போகிறவர் தன் மனதில் எதைத் தேடிக்கொண்டு போகிறார் என்றுதான் கேட்கிறேன். அவர் தேடுகிற சொல் எதுவோ அது பெரிசாக வரட்டும். பட்டங்களைத் தேடிக்கொண்டு ஒருவரும் வீதியால் போவதில்லை என்று எனக்கு விளங்க ஐயாயிரம் நோட்டீஸ் செலவாச்சுது.

மூன்றாம்பெஞ்சு | வியாழன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நேற்று ஐந்து குழுவாகப் பிரித்தேன். இல்லாத துணிக்கடை வேண்டாம், உங்கள் தெருவில் இருக்கிற ஒரு கடை, இரண்டு நிறம், பனங்கூடல் சாரின் கேள்வி, இவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் கடைக்காரரைக் கேட்டு, வரைந்து கொண்டுவர ஒரு நாள்.

இன்று காலை பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போகத்தான் நினைத்தேன். அனுமதி, அது இது என்று ஆகவில்லை. அப்போதுதான் எங்கள் வராந்தா ஞாபகம் வந்தது. மதியம் சத்துணவு மணி அடித்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, நான்குவழிச் சாலையில்கூட அந்த வேகம் கிடையாது. ஐந்து சார்ட்டையும் வராந்தாச் சுவரில் ஒட்டிவிட்டு நாங்கள் ஒளிந்துகொண்டோம். சாப்பிட்டு வந்த பிள்ளைகளில் இருபது பேரைப் பிடித்து, சுவரில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டோம்.

காராச்சேவுக் கடைக்குப் பதினான்கு பலகாரம், விலையோடு. அதை வரைந்த குழுதான் அதிகமாக உழைத்தது, சேவின் முறுக்கலைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருந்தார்கள். இருபது பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும் "ஏதோ பச்சையா இருந்துச்சு" என்றான். தையல் கடைக்குப் பெரிய கத்தரிக்கோல், அழகாகவும் தெளிவாகவும் இருந்தது. ஏழு பேருக்கு அது ஞாபகம் இருந்தது, அந்த ஏழு பேருமே "முடி வெட்டுற கடை" என்றார்கள். தையல் குழுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பால் கடையும் செல் ரீசார்ஜ் கடையும் நடுத்தரம்.

அப்புறம் பஞ்சர் கடை. அந்தக் கேள்வி கேட்ட பெண்ணின் அப்பா கடை அது. முதலில் கடை முழுவதையும் வரைந்திருக்கிறாள்: அப்பா, கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, தொங்குகிற ட்யூப், ட்யூப்லெஸ் பார்க்கப்படும், டூவீலர் ஃபோர்வீலர். சாயங்காலம் கடைக்குப் போனால், ரோட்டோரப் புளியமரத்தில் அப்பா சாய்த்து வைத்திருக்கிற பழைய லாரி டயர்தான் கண்ணில் பட்டதாம். அதில் வெள்ளைப் பெயின்டில் ஒரே வார்த்தை. "அந்த டயரப் பாத்துதான டீச்சர் எல்லாரும் வர்றாங்க" என்றாள். அதோடு முதல் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, மஞ்சள் சார்ட்டில் தட்டைக் கவிழ்த்து ஒரு கறுப்பு வளையம் போட்டிருக்கிறாள். வளையத்தில் ஓர் ஆணி. ஆணி மட்டும் சிவப்பு. கீழே 'பஞ்சரா?', ஓர் அம்புக்குறி, '50 அடி'. வேறு எதுவும் இல்லை.

இருபதில் பதினைந்து பேர். சில பேர் 'ஆணி' என்றார்கள், சில பேர் 'டயர்' என்றார்கள், ஒருத்தன் "எங்க சைக்கிள் பஞ்சரு டீச்சர், அந்தக் கடை எங்க இருக்கு?" என்றே கேட்டுவிட்டான்.

ஆனால் அவளுக்கு ஒரு குறை. ட்யூப்லெஸ் என்று போடவில்லை என்று அப்பாவுக்குக் கோபமாம். நான் என்ன சொல்லட்டும்?

நூல்கோடு | வியாழன், இரவு 9.30

அப்பாவிடம் சொல்லுங்கள் டீச்சர்: ஐம்பதடி தள்ளி ஒட்டுகிற தாள் ஆளைக் கடைக்குக் கொண்டுவரத்தான். ட்யூப்லெஸ், ஃபோர்வீலர் எல்லாம் கடை வாசல் போர்டில் இருக்கட்டும். வந்து நிற்கிறவன் நிதானமாகப் படிப்பான்.

முப்பது வருஷம் போர்டு எழுதியும் அந்தப் புளியமரத்து டயரை நான் ஒரு போஸ்டராக நினைத்ததே இல்லை.

கோலப்பொடி | வெள்ளி, காலை 7.20

நான் ஓவிய ஆசிரியர், பகுதிநேரம். தையல் குழுவைச் சோர்ந்துபோக விடாதீர்கள், அதில்தான் நல்ல பாடம் இருக்கிறது. கத்தரிக்கோல் இரண்டு தொழிலுக்கும் பொது. ஊசி, நூல் அல்லது ஒரு பொத்தான் சேர்ந்தால் சந்தேகம் போய்விடும். நாலு ஓட்டையுள்ள ஒரே ஒரு பெரிய பொத்தானை நடுவில் வைத்து, நூலையே எழுத்தாக ஓட விட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சர் சார்ட்டில் படம் ஒரு பாதியையும் எழுத்து மறு பாதியையும் சொல்கிறது. டயர் படத்துக்குக் கீழே 'டயர்' என்று எழுதியிருந்தால் ஒன்று வீண்.

நான் செய்வது இது. ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போஸ்டர், இரண்டு நிமிஷம், பென்சில் மட்டும். முதல் மூன்று கட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அந்த நட்சத்திரம்தான் வரும். வரட்டும். ஐந்தாவது கட்டத்தில் "இதுக்கு மேல ஒண்ணும் தோணல சார்" என்பான். ஆறும் ஏழும் அதற்கப்புறம் வருவதுதான். சிறிய கட்டத்தில் எழுத்து எழுதவே முடியாது என்பதால் தானாகவே குறைத்துக்கொள்வான். நீட்டி முழக்கிச் சொல்லவேண்டியதில்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கேப்பிடலில் போட்டுத் தப்பிக்கலாம், நமக்கு அளவும் தடிமனும்தான் கருவி. நாளிதழ்த் தலைப்புகளை வெட்டி எடுத்து சார்ட்டின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அழிக்க மனசு வராது, வெட்டிய எழுத்தை நகர்த்த யாரும் வருத்தப்படுவதில்லை. வரியை உடைக்கும்போது மட்டும் கவனம். 'தள்ளு' ஒரு வரியிலும் 'படி' அடுத்த வரியிலும் வந்தால் வேறு பொருள்.

நூல்கோடு | வெள்ளி, காலை 7.55

வெட்டி ஒட்டுவது நல்லது, நாங்களும் சாக்பீஸ் பூசிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, கரியில் எழுதிப் பார்த்து, துடைத்துவிட்டுத்தான் பெயின்ட் தொடுவோம்.

அடுத்து செல்போனில் செய்கிறேன் என்று பிள்ளைகள் கிளம்புவார்கள். கேன்வா என்ற டிசைன் செயலியில் தமிழ் எழுத்துரு இருக்கிறது. பாலூ தம்பி மாதிரி தடித்தது தலைப்புக்குப் பொருந்தும், அதன் நல்ல குணம் குண்டாக இருந்தாலும் சுழி அடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டாதீர்கள், சாய்க்காதீர்கள். பிரிண்டுக்குக் கொடுக்கும்போது படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ கொடுங்கள். எங்களைப் போன்ற கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன, செல்போனில் அடிக்கிற யூனிகோட் எழுத்தை அப்படியே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். திரையில் மின்னுகிற கிளிப்பச்சையும் அச்சில் அப்படி வராது, மங்கிப்போகும்.

நுகர்வோன் | வெள்ளி, மாலை 6.10

எல்லோரும் அழகைப் பேசுகிறீர்கள், நான் அந்த நட்சத்திரத்துக்கே போகிறேன். குறிப்பில் இருந்தது 20% முதல் 50% வரை. முப்பத்தொன்பது நட்சத்திரத்திலும் 50% என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றால், 'வரை' எங்கே போயிற்று?

கடைகள் செய்வதைத்தான் பிள்ளைகள் பார்த்துச் செய்கிறார்கள். 50% ஆளுயரத்துக்கு, 'வரை' எறும்பு அளவில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிதாக. ஒருமுறை நானே அப்படி ஏமாந்து, பில் போடும் இடத்தில் சண்டை போட்டு, வரிசையில் நின்றவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. கண்ணில் படவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்போதே, எதைப் படாமல் ஒளித்தாய் என்றும் கேளுங்கள். 'வரை' என்ற இரண்டெழுத்தை எண்ணுக்குப் பக்கத்தில் அதே தடிமனில் போட்டால் இடம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது.

போஸ்டர்மதுரை | வெள்ளி, இரவு 7.00

நாங்கள் 'அகில உலக' என்று போடுகிறோமே, அதற்கு எவ்வளவு அபராதம்?

நுகர்வோன் | வெள்ளி, இரவு 7.04

அதை யாரும் நம்புவதில்லை, அதனால் தப்பித்தீர்கள்.

ஐந்துமார்க் | சனி, காலை 11.15

சும்மா இருக்க முடியாமல் நேற்று என் வகுப்பிலும் செய்து பார்த்தேன். ஓட்டம், வராந்தா எல்லாம் இல்லை, தேர்வுத்தாள் மாதிரியே. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே மஞ்சள் சார்ட் கிடைக்காது, நீலப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில், இவ்வளவுதான். அதனால் நிறத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்னது: குறிப்பில் இருக்கிற எல்லாம் வரவேண்டும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும் என்று வினாத்தாளில் போடவில்லை. குறிப்புக்கு மேலேயே பென்சிலால் 1, 2, 3 என்று நம்பர் போடு. 1 ஒரே ஒன்றுதான், அதை இரண்டு கோடு உயரத்துக்கு எழுது. 2 என்ற நம்பர் மூன்று விஷயத்துக்கு. மீதி எல்லாம் 3, கட்டத்தின் அடியில் இரண்டே வரி. முகவரி தொலையவில்லை, நான் பயந்தது நடக்கவில்லை. பார்க்கவும் நன்றாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். வழக்கமாக ஆறு நிமிஷத்தில் முடிக்கிற கேள்விக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. ஒரு பையன் எழுத்துக்கு நிழல் போட்டு நிழல் போட்டு, கடிதக் கேள்வியையே விட்டுவிட்டான். நிழல் போடத் தடை விதித்திருக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் போஸ்டர் போடட்டும், தேர்வில் நிழல் வேண்டாம்.

கோலப்பொடி | சனி, மதியம் 12.02

நிழலுக்குத் தடை எனக்கும் சம்மதம். அது வந்தால் புள்ளி தொலையும்.

மூன்றாம்பெஞ்சு | திங்கள், இரவு 8.35

நம்பர் போடுகிற வழி அருமை சார், நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். 'வரை' பற்றியும் இன்று பேசினோம். துணிக்கடை விளம்பரத்தை மறுபடி போடச் சொன்னதில் நட்சத்திரம் பத்தாகக் குறைந்தது, பத்திலும் 'வரை' இருந்தது. தையல் குழு பொத்தானுக்கு மாறிவிட்டது, ஆனால் நூலை எழுத்தாக ஓட்டுகிறோம் என்று ஆரம்பித்து இன்னும் முடியவில்லை.

பஞ்சர் கடைச் சார்ட் சனிக்கிழமை ரோட்டுக்கு வந்தது. பொதுச்சுவரில் ஒட்டுவதைத் தடுக்க 1959-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது என்று தலைமையாசிரியர் நினைவுபடுத்தினார். அதனால் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொந்தச் சுவரில் ஒட்டினார்கள். அப்பா மைதாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். ட்யூப்லெஸ் கோபம் தீர்ந்துவிட்டது, அதைத் தனியாக ஓர் அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்.

சனி மாலை இரண்டு பைக் அம்புக்குறியைப் பார்த்து வந்ததாம். ஞாயிறு காலை பார்த்தால் சார்ட்டைக் காணோம். டயரின் மேல்பாதி மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆணி, 'பஞ்சரா?', ஐம்பதடி எல்லாவற்றையும் ஆடு தின்றுவிட்டது. இன்று வகுப்பில் அவள் எழுந்து அறிக்கை கொடுத்தாள்: "ரெண்டு பைக்கு, ஒரு ஆடு. மூணு பேர் கண்ணுல பட்டிருக்கு டீச்சர்."

லித்தோக்காரன் | திங்கள், இரவு 9.10

பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது, பைண்டிங்கில் நாங்கள் அதைத்தான் செய்வோம்.

நூல்கோடு | திங்கள், இரவு 9.14

அண்ணாச்சி, அது விஷம். ஆட்டுக்காரர் டீச்சரைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். இரண்டடி மேலே தூக்கி ஒட்டச் சொல்லுங்கள். பைக்கில் வருகிறவன் கண்ணுக்கும் அதுதான் சரியான உயரம்.

மூன்றாம்பெஞ்சு | திங்கள், இரவு 9.20

சரி. ஏணிக்கு அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது.